தண்ணீர் எடாத யந்திரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி பொழியுங் காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கியாற்றை ஆறென்று அழைப்பது குடாநாட்டாரின் ஆசையைக் காட்டுகிறதேயன்றி அந்நீரோட்டத்தின் அளவைக் காட்டுவதன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழை, மண்ணில் விழுந்து, சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே கீழே இறங்கித் தங்குகின்றது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் மனிதனும் மாடும் பயிரும் உயிர் வாழ்வது அந்தத் தேக்கத்தை நம்பியே. ஆதலின், இப்பகுதியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர் பெயர்களையும் போர்களையும் எண்ணுவதற்கு முன், கிணற்றிலிருந்து நீர் எவ்வாறு மேலே வந்தது என்பதை விசாரித்தல் நன்று.

பலாலி வீதியும் மானிப்பாய் – கைதடி வீதியும் சந்திக்குமிடத்தில் அமைந்த உரும்பிராய், இந்த விசாரணைக்கு மிகப் பொருத்தமான ஊர். கோண்டாவில், ஊரெழு, கோப்பாய், நீர்வேலி ஆகியவை அயலூர்கள். மண் செம்மண், உழுத நிலத்தில் நடந்தவர் காலைக் கழுவினாலும் நகக்கண்ணிலே சிவப்பு எஞ்சும். அம்மண்ணிற் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் வாழையும் செழிக்கும். ஆனால் அம்மண் நீரைத் தேக்கி வைப்பதன்று. மேலே விட்ட தண்ணீர் விரைந்து கீழே போய்விடும். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை இறைக்காவிடின் மிளகாய்க் கன்று தலை சாய்த்துவிடும். உரும்பிராய்த் தோட்டக்காரனின் நாட்காட்டி இறைப்பு முறையே எனலாம்.

அந்த இறைப்பைப் பல தலைமுறைகளாகச் செய்தது துலா. கிணற்றடியில் இரண்டு ஆடுகால் நிற்கும். பல இடங்களில் அவை வெட்டி நட்ட பூவரசந் தடிகளே. வேர்விட்டுத் தளிர்த்து உயிருள்ள தூண்களாகி, நிழலையும் கொடுக்கும். இரண்டுக்கும் இடையே அச்சுலக்கை. அதன்மேல் நீண்ட துலா. நுனியிற் கயிறு, கயிற்றில் பனையோலையாற் பின்னிய பட்டை, பிற்காலத்தில் இரும்பு வாளி. சிறு கிணற்றில் ஒருவர் கையாலேயே இழுத்து இறைப்பார். தோட்டக் கிணற்றில் அது போதாது. துலாவின்மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்து தம் உடற்பாரத்தால் அதனைத் தாழ்த்தவும் உயர்த்தவும் வேண்டும். இதுவே துலா மிதித்தல். இருவரோ மூவரோ மிதிக்க, கிணற்று வாயிலில் ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, தோட்டத்தில் வேறொருவர் மண்வெட்டியுடன் நின்று பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் மாற்றுவார். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டியிருந்தமையால் விடியற்புறத்திலேயே துலாக்கள் கிறீச்சிடத் தொடங்கிவிடும். அச்சுலக்கையின் ஓசையைக் கேட்டே இன்னார் கிணறு என்று சொல்லக்கூடிய முதியோர் ஊரில் இருந்தனர்.

துலாவிலிருந்து தவறி விழுந்தவரும் உண்டு. ஈரப் பாதமும் வழுக்கு மரமும் கீழே திறந்த கிணறும் சேர்ந்தவிடத்தில் அது வியப்பன்று. இன்று துலாவைப் பழம்பெருமையின் சின்னமாகப் படம் எழுதி மாட்டுவோர் இதனையும் நினைத்தல் வேண்டும். மிதித்தவர் எல்லோரும் தம் சொந்தத் தோட்டத்துக்கு மிதித்தவருமல்லர். கூலிக்கு மிதித்தவரும், குடிமை முறையின் கட்டாயத்தால் மிதித்தவரும் அவர்களுள் இருந்தனர்.

கிணறு தனி ஒருவருக்கு உரியதாதல் எப்போதும் இல்லை. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை நிலவிய நாட்டில், காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து பரப்புக் கணக்காகச் சிறுத்தபோது, கிணற்றைப் பிரிக்க முடியாது போயிற்று. ஆகவே உறுதியில் காணியோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்பட்டன. இன்னார்க்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை வைத்தார்கள். ஒருவர் முறை தவறினால் அடுத்தவர் பயிர் காயும். யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களுக்கு நெடுங்காலம் வேலை கொடுத்தவற்றுள் வேலிக்கு அடுத்தபடியாக இக்கிணற்றுப் பங்கைச் சொல்லலாம்.

1950களில் இந்த ஒழுங்குக்குள் யந்திரம் புகுந்தது. அதற்குக் காரணம் பல. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் விடியலில் துலாவில் ஏற மனங்கொள்ளவில்லை. அரசாங்க உத்தியோகம் தேடிக் கொழும்புக்குப் போனவர்களின் இடத்தை நிரப்பக் கூலியாளும் எளிதிற் கிடைக்கவில்லை. பின்னர் 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் நல்ல விலை வந்தது. இறைக்க இயன்றவனுக்குப் பணம் உண்டு என்ற நிலை தோன்றவே, மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சினோடு பூட்டிய நீரிறைக்கும் யந்திரம் ஊருக்குள் வீடு வீடாக வந்தது. ஊரார் அதனை ‘மெசின்’ என்றே அழைத்தனர். வேறு மெசின் வீட்டில் இல்லாதபடியால் பெயர் போதுமானதாயிருந்தது.

மெசின் வந்த நாள் வீட்டில் பாதி விழா. கிணற்றுக்கட்டின் அருகே அதனை இருத்திச் சந்தனமும் குங்குமமும் இட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரங் கொளுத்திய பின்னரே கயிறு இழுக்கப்படும். எஞ்சின் படபடவென எழும்பும். குழாய் வாயை நோக்கிச் சிறுவர் கை நீட்டி நிற்பர். குழாயிலிருந்து காற்று வரும், சில வேளை ஒரு சிரங்கை நீர் வரும், பின்னர் அதுவுமிராது. எஞ்சினோ குறையின்றி ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தின் கலக்கம் சிறிதன்று. மெசின் வாங்குவதற்கு மனைவியின் நகை ஈடு வைக்கப்பட்டிருக்கும். பழைய துலா கழற்றி மரமாக விற்கப்பட்டிருக்கும். தை மாதத்து வெயிலில் புதிதாக நட்ட கன்றுகள் இறைப்புக்குக் காத்து நிற்கும். நாளை மறுநாள் கிணற்று முறை பங்காளிக்கு உரியது. யந்திரத்தை விற்ற கடை நகரில். திருத்துவோன் வேறோர் ஊரில். “அண்ணை, உந்த மெசின் சரிவராது எண்டு அப்பவே சொன்னனான்” என்று வேலிக்கு அப்பால் ஒரு குரல் எழுவதற்கும் அதிக நேரம் செல்லாது.

திருத்துவோன் சைக்கிளில் வந்து இறங்கியதும் எஞ்சினைப் பார்ப்பதில்லை. அவனது முதற் கேள்வி, “அண்ணை, முதலில தண்ணி விட்டு நிரப்பினீங்களோ?” என்பதே. தண்ணீர் எடுப்பதற்காக வாங்கிய யந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அக்காலத்தில் பலருக்கு நகைப்பாகவே தோன்றிற்று. ஆனால் அக்கேள்விக்குள் முந்நூறு ஆண்டு விஞ்ஞான வரலாறு அடங்கியிருந்தது.

யந்திரம் தண்ணீரை இழுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது இழுப்பதில்லை. 1638ஆம் ஆண்டில் வெளியான கலிலியோவின் நூலொன்றில், உறிஞ்சு பம்பிகள் பதினெட்டு முழத்துக்கு மேல் நீரை உயர்த்துவதில்லை என்ற செய்தி பேசப்படுகிறது. பம்பி பழுதென்று ஆளை அழைத்தால், பழுது பம்பியிலன்று, உயரத்திலே என்று அவன் சொல்லிவிடுகிறான். காரணங் கூறக் கலிலியோ முயன்றார். நீர்த்தூண் தன் பாரந் தாங்காது கயிறு அறுவதுபோல அறுகிறது என்று எண்ணினார். அது சரியன்று. அவருடைய மாணாக்கரான தொரிசெல்லி 1644ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில், நாம் வளிக்கடலின் அடியில் வாழ்கிறோம், அவ்வளியின் பாரமே நீரை மேலே தள்ளுகிறது என்று விளக்கினார். நீரைவிடப் பதின்மூன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடிய பாரமுள்ள இரசத்தைக் கொண்டு பார்த்தபோது தூண் ஏறத்தாழ 76 சதமமீற்றர் நின்றது. அதே பாரத்துக்கு நீர்த்தூண் 34 அடியளவு நிற்கும். 1648ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி, பாசுகால் என்னும் பிரெஞ்சு அறிஞரின் மைத்துனர் பிய் த டோம் மலையுச்சிக்கு அக்கருவியைச் சுமந்து சென்று, உயரப் போகப் போக இரசம் இறங்குவதைக் கண்டார். ஐயம் தீர்ந்தது.

ஆகவே பம்பி செய்வது ஒன்றே: தன் உறைக்குள்ளும் உறிஞ்சு குழாய்க்குள்ளும் அமுக்கத்தைக் குறைத்தல். எஞ்சிய வேலையைக் கிணற்று நீரின் மேல் நிற்கும் வானமே செய்கிறது. உறைக்குள் சுழலுஞ் சில்லு நீரை விளிம்புக்கு எறிவதால் நடுவில் அமுக்கங் குறைகிறது. ஆனால் நீருக்குப் பதில் காற்று உள்ளே இருந்தாலோ, காற்று நீரைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு இலேசாதலின், சில்லு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அதனை எறிந்து வெறுமை உண்டாக்க இயலாது. இதனாலேயே முதலில் குடத்தால் நீர் ஊற்றி உறையையும் குழாயையும் நிரப்ப வேண்டும். வெறுமையாய் ஓடவிட்டால் தண்ணீர் வராதது மாத்திரமன்று. நீரே குளிர்ச்சியும் மசகுமாக இருக்க வேண்டிய அச்சின் பொதிவு சூடேறிக் கருகிவிடும். முதல் நாளிலேயே யந்திரத்துக்கு நிரந்தரமான பழுது இப்படித்தான் நேரும்.

ஊற்றிய நீர் நிற்கவில்லையாயின் அடுத்த சந்தேகம் குழாயின் அடியிலிருக்கும் வாயில்மேல். ஊரார் ‘புட்வால்வு’ என்பது அதுவே. நீர் மேலே வரத் திறந்து, கீழே போகாமல் மூடும் ஒருவழிக் கதவு. அதன் தோலிற் சிறு கல்லோ பாசியோ அகப்பட்டால் கதவு முற்றாக மூடாது. குடங் குடமாக ஊற்றினாலும் நீர் கிணற்றுக்கே திரும்பும். குழாயை வெளியே எடுத்து, கையைவிட்டுத் துடைத்து, மீண்டும் இறக்க வேண்டும். அதனைச் சேற்றில் முட்டவிடவுங் கூடாது. நீர்மட்டத்துக்கு மிக அருகில் தொங்கவிடவுங் கூடாது. இறைக்க இறைக்க மட்டம் தாழும், சுழி உண்டாகும், சுழியின் வாயால் காற்று உள்ளே போகும். தொடங்கும்போது நன்றாக வந்த நீர் அரை மணியில் நின்றுபோகும் கிணறுகளின் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

ஊற்றிய நீர் நின்றும் யந்திரம் எடாவிடின், காற்று எங்கோ நுழைகிறது என்பது பொருள். இதுவே திருத்துவோனின் திறமை வெளிப்படும் இடம். தள்ளுகுழாயில் ஒட்டை இருந்தால் நீர் வெளியே பீறிடும். எவர் கண்ணுக்கும் தெரியும். உறிஞ்சு குழாயில் இருந்தால் நீர் வெளிவராது. காற்று உள்ளே போகும். கண்ணுக்கு ஒன்றுந் தெரியாது. ஆகையால் எஞ்சினை ஓடவிட்டு, மூட்டுகளின் அருகே ஊதுவத்தியைப் பிடிப்பர். புகை எந்த மூட்டில் வளைந்து உள்ளே போகிறதோ அங்கேதான் குற்றம். சவர்க்காரத்தைக் குழைத்து அப்பி, சைக்கிள் ரியூபைக் கீலமாக வெட்டி இறுகச் சுற்றினால் அன்றைய இறைப்பு நடந்துவிடும். குழாய் கிணற்றிலிருந்து யந்திரம் வரை படிப்படியாக மேல்நோக்கியே போக வேண்டும் என்பதும் புதிதாகப் பூட்டுவோர் மறக்கும் செய்தி. நடுவில் கூனல் விழுந்தால் காற்று அக்கூனலிற் குடியேறிவிடும். எத்தனை நாள் வேண்டுமாயினும் அங்கேயே இருக்கும்.

எஞ்சினுக்கும் தனிக் குணம் உண்டு. அக்கால மெசின்களில் பெற்றோலுக்கு ஒரு சிறு தொட்டியும் மண்ணெண்ணெய்க்குப் பெருந்தொட்டியும் இருந்தன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. பெற்றோலில் எழுப்பி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே மற்றதற்கு மாற்றல் வேண்டும். சிக்கனம் எண்ணி அவசரப்பட்டவரின் மெசின் கரும்புகை கக்கி நின்றது. எரியாத எண்ணெய் கீழே வடிந்து மசகெண்ணெயோடு கலந்து அதனையும் இளக்கிற்று. நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றினாலன்றி மறுநாட் காலை எழும்புதல் அரிது. இந்தப் பழக்கம் கைவர ஒரு போகம் சென்றது.

எல்லாஞ் சரியாயிருந்தும் நீர் வராத கிணறுகளும் இருந்தன. அங்கே குற்றம் தொரிசெல்லி கண்ட விதியினுடையது. ஏட்டில் 34 அடி. நடைமுறையில், குழாயின் உராய்வும் மூட்டின் கசிவும் நீரின் வெப்பமும் கழிய, 25 அடிக்கு மேல் நம்ப முடியாது. மாரி முடிந்த கையோடு பூட்டிய யந்திரம் தையில் நன்றாக இறைத்து, ஆடி ஆவணியில் கிணறு இறங்கியதும் நின்றுவிடும். வாங்கியவன் விற்றவனை ஏசுவான். விற்றவன் ‘மாசியில் ஓடியது அல்லவா’ என்பான். இருவரும் ஒருவகையில் உண்மையே பேசினர்.

அதற்குப் பரிகாரம் யந்திரத்தையே கீழே இறக்குதல். கிணற்றருகே கிடங்கு வெட்டியோ, கிணற்றுச் சுவரில் படி அமைத்தோ, நீருக்கு அண்மையில் அதனை இருத்தினர். மேலே தள்ளுவதற்கு எல்லை யந்திரத்தின் வலுவே. உறிஞ்சுவதற்குத்தான் வானம் எல்லை வகுத்திருக்கிறது. ஆதலால் இது நல்ல யோசனையே. ஆனால் எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டு. நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள செந்நிறப் பொருளோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது சேரும். கிணறு போன்ற ஒடுங்கிய இடத்தில் எஞ்சின் ஓட, கீழே இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போன துயரம் இலங்கையின் பல பகுதிகளில் நிகழ்ந்திருக்கிறது. துலாவிலிருந்து விழுந்தவனை ஊர் கண்டது. இந்த மரணத்தை அருகில் நின்றவரும் காணவில்லை. இன்றும் கிணறு இறைத்துத் துப்புரவாக்க எஞ்சினை உள்ளே இறக்குவோர் உளர். ஆதலின் இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யந்திரம் திருந்தியது, தண்ணீர் தாராளமாக வந்தது. அந்தத் தாராளத்திலே வேறொரு பழுது தொடங்கிற்று. துலா மிதித்தவன் களைப்பான், களைத்தபோது நிறுத்துவான், அவ்விடைவேளையில் கிணறு ஊறும். மெசினுக்குக் களைப்பில்லை. குடாநாட்டின் நிலத்தடி நன்னீர், கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்பது. 1888ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து நாட்டின் கைபென் என்பவரும், 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்ட கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். நன்னீருக்கும் கடல்நீருக்குமுள்ள பார வேற்றுமை நாற்பதில் ஒரு பங்கு என்பதே காரணம். இதனை மறுதலையாகப் படித்தால்தான் அச்சம் புரியும். இறைத்து இறைத்து மட்டத்தை ஓர் அடி தாழ்த்திவிட்டால், காலப்போக்கில் உப்புநீர் அடியிலிருந்து நாற்பது அடி உயரும். உரும்பிராய்க்கு அயலிலே நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு, மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இவ்வுண்மையைக் கண்முன்னே காட்டிக்கொண்டு நிற்கிறது. இராமபிரான் அம்பு எய்து உண்டாக்கிய கிணறு என்பது ஐதிகம். அம்பு எய்தவருக்கு எவ்வளவு ஆழம் எய்யலாமென்று தெரிந்திருந்தது போலும்.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், கடல்நீரேரிகளை மறித்து நன்னீராக்கி, வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரைக் குடாநாட்டுக்குள் செலுத்தலாம் என்று 1954ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அது பெயர் பெற்றது. மெசின் ஊருக்குள் புகுந்ததும் இத்திட்டம் எழுந்ததும் ஒரே பத்தாண்டில் என்பது கவனிக்கத்தக்கது. இறைக்கும் வழி முற்றாக வந்து சேர்ந்தது. நிரப்பும் வழி அரைகுறையாக நின்றது. தோட்டங்களுக்கு இட்ட செயற்கை உரத்திலிருந்து நைத்திரேற்றும் செம்மண்ணூடே கிணற்றுக்குள் இறங்கிற்று. பின்னாளில், அயலிலுள்ள சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விவகாரம் 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதைப் பலர் அறிவர்.

போர் வந்தது. 1987ஆம் ஆண்டு ஐப்பசியில் இந்தியப் படை யாழ்ப்பாண நகரை நோக்கி நகர்ந்தபோது உரும்பிராய் கடும் சண்டை நடந்த இடங்களில் ஒன்று. 1990இல் போர் மறுபடி மூண்டபின் மின்சாரம் இல்லை, பெற்றோல், டீசல், உரம், மின்கலம் முதலியவை குடாநாட்டுக்கு வருவது தடுக்கப்பட்டது, மண்ணெண்ணெய் அருமையாயிற்று. அப்போது பழைய மண்ணெண்ணெய் எஞ்சினின் இரகசியம் ஊர் முழுவதற்கும் பயன்பட்டது. சிறு போத்தலில் வைத்த பெற்றோலைச் சில துளி விட்டு எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓடுதல் என்ற வித்தையைத் தோட்டக்காரன் முன்பே அறிந்திருந்தான். இப்போது மோட்டார்ச் சைக்கிளும் காரும் அதனாலேயே ஓடின. எண்ணெய் கிடையாத கிணறுகளில் துலா மறுபடி எழுந்தது. கழற்றாது விட்டவன் புத்திசாலி எனப்பட்டான். கழற்றியவனோ பூவரசின் கீழ் நின்று மரந்தேடினான்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, மெசினைச் சைக்கிளிற் கட்டிச் சுமக்க முடியவில்லை. சிலர் அதனைக் கிணற்றுக்குள்ளே இறக்கி மறைத்தனர், சிலர் புதைத்தனர். 1996இன் நடுப்பகுதிக்குள் திரும்பி வந்தவர்களிற் பலருக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தவருக்கும் முதல் வேலை பழைய வேலையே: புட்வால்வைத் துடைத்தல், குடத்தால் ஊற்றுதல், மூட்டுக்கு ரியூப் சுற்றுதல்.

அந்நாட்களில் கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள் இன்று இலண்டன் முதலிய நகரங்களில் வீடு வாங்கி வாழ்கின்றனர். அங்கே வீட்டுக்குத் தேவை குளிர்நீரன்று, சூடு. எரிவாயுவால் நீரைக் காய்ச்சும் கொதிகலன் ஒன்று சமையலறையில் தொங்கும். அச்சுடுநீர் அறைதோறும் உள்ள இரும்புத் தகடுகளுக்குட் சுற்றிவரும். புதிதாகப் பூட்டிய கொதிகலன் முதற் குளிர்காலத்திலேயே தகராறு செய்வதும் உண்டு. தகட்டின் அடி சூடாயிருக்க மேற்பாதி குளிர்ந்து கிடக்கும். குழாய்களிற் களகளவென ஒலி கேட்கும். காரணம் பழைய பகைவனாகிய காற்றே. புதிய குழாய்களை நிரப்பும்போது அகப்பட்ட காற்று, உயரமான இடந் தேடி ஒதுங்கி நிற்கிறது. தகட்டின் மேல்மூலையிலுள்ள சிறு திருகைத் திறப்பால் மெல்லத் திருப்பினால் சீறிக்கொண்டு காற்று வெளியேறும். நீர் துளிர்த்ததும் மூடிவிட வேண்டும். அதன் பின் அமுக்கமானியின் முள் தாழ்ந்திருக்கும். குளிர்ந்த நிலையில் அது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே நிற்குமாறு மறுபடி நீர் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்கச் சில நாளில் மீண்டும் தாழ்ந்தால் எங்கோ கசிவு உண்டு என்பது உறுதி. கடுங்குளிரில் கொதிகலன் திடீரென நின்றால், வெளிச்சுவரோடு போகும் கழிவுநீர்ச் சிறுகுழாய் உறைந்துவிட்டதா என்று பார்ப்பது முதற்கடமை. இளஞ்சூட்டு நீர் ஊற்றினால் இளகிவிடும். எரிவாயுப் பகுதியை மாத்திரம் அனுமதி பெற்ற வல்லுநரன்றி வேறெவரும் தொடச் சட்டம் இடந்தருவதில்லை. அங்கும் அஞ்சப்படுவது அதே நிறமற்ற மணமற்ற வாயுவே.

உரும்பிராயிற் பிறந்து இலண்டனிற் பேரப்பிள்ளைகளுடன் மாரி கழிக்க வந்த முதியவருக்கு இது புது வித்தையாகத் தோன்றாது. “தம்பி, காத்துப் பிடிச்சிருக்கு; மேல இருந்து காத்தை விடு” என்று கதிரையில் இருந்தவாறே சொல்லக்கூடியவர் அவர்.

உரும்பிராயில் இப்போது பெரும்பாலான கிணறுகளில் மின்மோட்டர் ஓடுகிறது; மண்ணெண்ணெய் மெசின் ஒரு மூலையிற் கிடக்கும், சில வீடுகளில் இன்னும் ஓடும். நீருள் மூழ்கி இருந்து தள்ளும் பம்பிக்கு உறிஞ்சும் வேலையே இல்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், ஊதுவத்தி பிடிக்கவும் வேண்டாம். கிணறு எவ்வளவு இறங்கினாலும் அது பின்தொடர்ந்து இறங்கும். தோட்டக் கிணறுகள் சிலவற்றின் அருகே பழைய ஆடுகால்களாகிய பூவரசுகள் இரண்டு இரண்டாக நிற்கின்றன. அச்சுலக்கை கிடந்த கவட்டில் இப்போது மோட்டருக்கான மின்கம்பி தொங்குகிறது.